துணியைத் தின்ற நூல்

அத்தியாயம் 4

தையல்காரம்மாவின் கடை வாசலுக்கு வருவதற்கு முன்பே வெடிக்குக் காது மடல்கள் சூடாகிவிட்டன.

"அண்ணி, நான் வெளியிலயே நிக்கிறேனே. இங்க காத்து நல்லா வருது."

"நேத்து தனியா இங்க வந்தப்ப காத்து வேணும்னு தோணலையா? நட."

அண்ணி தனியார் துப்பறிவாளர். வெடி அவளுடைய கணவனின் தம்பி, அலுவலகத்தில் உதவியாளன். மனதில் பட்டதையெல்லாம் படபடவென்று வெடித்துத் தள்ளுவதால் வந்த பெயர் அது. பெற்றவர்கள் வைத்த பெயர் அவனுக்கே எப்போதாவதுதான் ஞாபகம் வரும்.

நடந்தது இதுதான். சீட் கவர் கடைக்காரரின் மகள் நேற்றுக் காலை ஒரு போர்வையை மார்போடு அணைத்துக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தாள். அவளுடைய அம்மா இறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. அம்மா உடுத்திய துணிகளைத் துண்டு துண்டாக வெட்டி, ஒன்றோடொன்று இணைத்து ஒட்டுத்துணிப் போர்வையாகத் தைக்கக் கொடுத்திருந்தாள். தைத்தது இந்தத் தையல்காரம்மா.

"எங்கம்மா அப்பாவோட கடையிலதான் கூட நின்னு வேலை பார்த்தாங்க," என்றாள் அந்த மகள். "ஃபோம் ஒட்டுறப்ப எப்பவும் நீலக் கட்டம் போட்ட ஒரு சட்டையை மாட்டிப்பாங்க. அதுல ஒரு பசைக் கறை. எப்படித் துவைச்சாலும் போகாது. அந்தக் கறை இருக்கற துண்டு நட்ட நடுவுல வரணும்னு சொல்லித்தான் குடுத்தேன். போர்வை வந்தப்ப பிரிச்சுப் பாக்க மனசு வரல, பெட்டியில வெச்சுட்டேன். போன வாரம் எடுத்துத் துவைச்சேன். முதல் துவைப்புலயே நடுவுல கிழிஞ்சுடுச்சு. பார்த்தா, அங்க இருக்கறது வேற ஏதோ நீலக் கட்டம். கறையைக் காணோம்." கொஞ்சம் நிறுத்தி, "எங்கம்மாவையே காணோம்," என்றாள்.

அண்ணி போர்வையை வாங்கி வைத்துக்கொண்டு, "யோசிச்சுச் சொல்றேன்," என்றாள். வெடி யோசிக்கவில்லை. யார் தைத்தாரோ அவர்தான் துணியை மாற்றியிருக்க வேண்டும், இதில் மூளைக்கு என்ன வேலை என்று நினைத்தான். சாயங்காலம் நேராக இந்தக் கடைக்கு வந்தான். உள்ளே அளவு கொடுக்க வந்த பெண்கள் கூட்டமாக நின்றிருந்தார்கள். கூட்டத்தைக் கண்டால் அவன் வாய் சும்மா இருக்காது. வாசலில் நின்றபடியே உரக்கக் கேட்டான்: "என்னக்கா, செத்தவங்க துணியைத் திருடினா திரும்பி வந்து கேக்க மாட்டாங்கன்னு தைரியமா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவனுக்கும் பெருமையாகத்தான் இருந்தது. இருட்டுவதற்குள் அந்தப் பேச்சு தெரு முழுக்கப் பரவிவிட்டது. ஒவ்வொருத்தியாக வந்து, "நாங்க வேற இடத்துல குடுத்துக்கறோம்," என்று தைக்கக் கொடுத்த துணியைத் திரும்ப வாங்கிப் போனார்கள்.

இப்போது கடைச் சுவரில் கொக்கிகள் மொட்டையாக இருந்தன. தையல்காரம்மா வேலையில்லாத மெஷினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். அண்ணியைப் பார்த்துத் தலையசைத்தார். வெடியைப் பார்க்கவே இல்லை.

"அக்கா, நேத்து நான்..." என்று ஆரம்பித்தான் வெடி.

"நான் உன்கிட்ட பேசல," என்றார் அவர், எண்ணெய்க் கிண்ணத்தைப் பார்த்தபடி.

அண்ணி போர்வையை வெட்டு மேசைமேல் விரித்தாள். "ஒரே ஒரு கேள்விதாம்மா. இதை இணைக்க என்ன நூல் போட்டீங்க?"

இந்தக் கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை. ஒரு கணம் அண்ணியின் முகத்தையே பார்த்துவிட்டு, இழுப்பறையைத் திறந்து ஒரு நூற்கண்டை எடுத்து வைத்தார். எலி நிறத்தில், மெல்லிய பருத்தி நூல்.

"எல்லாக் கலருக்குமா?"

"எல்லாத்துக்கும் இதேதான். சிவப்புக்குச் சிவப்பு, மஞ்சளுக்கு மஞ்சள்னு போட்டா, ஒரு கலர் நூல் பக்கத்துத் துணியில பல்லை இளிக்கும். சாம்பல் நிறம் எங்கயும் கண்ணுல படாது."

"இவ்வளவு மெல்லிசாவா?"

"நூல் தடிமனா இருந்தா மடிப்பு உப்பும். ஒவ்வொரு இணைப்புலயும் மயிரிழை பிசகினாலும் மொத்தப் போர்வையும் கோணிக்கும்." பேசிக்கொண்டே போர்வையைத் தன் பக்கம் இழுத்தவர் கிழிந்த இடத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். "இது என் தையல் இல்ல."

மாட்டிக்கொண்டவர்கள் எல்லோரும் சொல்வதுதானே என்று வெடியின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அண்ணியின் செருப்பு அவன் கால் பெருவிரல்மேல் ஏறியது. வந்த வார்த்தையை விழுங்கினான்.

"இங்க பாருங்க," என்றார் தையல்காரம்மா. குரலில் கோபம் போய்ப் பதற்றம் வந்திருந்தது. "இந்த நீலத் துண்டைச் சுத்தி மட்டும் நீல நூல். பளபளன்னு மின்னுது. அதுவும் கைத்தையல். ஊசி போன ஓட்டை ஒவ்வொண்ணுலயும் எறும்பு குடும்பத்தோட புகுந்து வரலாம். நான் வெச்சது கறையோட இருந்த துண்டு. என் கையால நடுவுல வெச்சேன். யாரோ பிரிச்சு எடுத்துட்டு இதை வெச்சிருக்காங்க."

ரிப்பன் நுனியைச் சுடுவதற்காக மேசை ஓரத்தில் ஒரு மெழுகுவத்தி இருந்தது. அண்ணி அதை ஏற்றினாள். சாம்பல் நிற நூலில் ஒரு விரற்கடை கிள்ளிச் சுடரில் காட்டினாள். காகிதம் எரிந்த வாசனையோடு அது சாம்பலாக உதிர்ந்தது. போர்வையில் தொங்கிய நீல நூலின் நுனியைக் கத்தரித்துக் காட்டினாள். அது எரியவில்லை. சுருண்டு, உருகி, கடுகு போல ஒரு கறுப்பு உருண்டையாக இறுகியது.

"நைலான்," என்றாள் அண்ணி.

"இதை என் மெஷின்ல போட்டா ஊசியே ஒடிஞ்சிடும்," என்றார் தையல்காரம்மா. "பழைய துணிக்கு இதைப் போய் யாராவது போடுவாங்களா? நூல் எப்பவும் துணியைவிட ஒரு மாத்து கம்மியாத்தான் இருக்கணும். இழுபட்டா நூல் அறுந்து போகட்டும், மறுபடி தெச்சுக்கலாம். துணி கிழிஞ்சா என்ன செய்ய முடியும்? இங்க பாருங்க, பக்கத்துல இருந்த மஞ்சத்துண்டு வரிசையா ஓட்டை விழுந்து அப்படியே கிழிஞ்சிருக்கு."

அண்ணி நீலத் துண்டின் அடிப்பக்கத்தைப் புரட்டினாள். உள்ளே மறைந்திருந்த ஓரத்தை விரலால் தடவினாள். அங்கே துணி ஏற்கெனவே மடித்துத் தைக்கப்பட்டிருந்தது. மெல்லிய, கொஞ்சம் வளைந்த மடிப்பு.

"கடையில வெட்டி வாங்கின துணிக்கு ஏது மடிப்பு?" என்றாள்.

தையல்காரம்மா தொட்டுப் பார்த்தார். "இது ஆம்பளைச் சட்டையோட வால். பின்பக்கம், இடுப்புக்குக் கீழ வர்றது."

வெடி மேசையிலிருந்து ஓரடி பின்வாங்கினான். இந்தம்மா ஒரு துண்டுத் துணியைக்கூடத் தொடவில்லை. போர்வையை ஒரு தடவை புரட்டிப் பார்த்திருந்தால் நேற்றே தெரிந்திருக்கும். அவன் போர்வையைக் கொண்டு வரவே இல்லை. வாயை மட்டும்தான் கொண்டு வந்தான்.

தெருவில் இறங்கியதும் அண்ணி சொன்னாள்: "நான் சொல்ற வரைக்கும் உன் வாய்க்கு லீவு. கண்ணை மட்டும் வேலைக்கு அனுப்பு."

"சம்பளத்தோடவா, சம்பளம் இல்லாமலா?"

அண்ணி திரும்பிப் பார்த்தாள். அவன் உதட்டின்மேல் விரலை வைத்துக்கொண்டான். ஆனால் கொஞ்ச தூரம் போனதும் தாங்கவில்லை. "ஒண்ணே ஒண்ணு அண்ணி. நைலான் நூல்னா சீட் கவர் கடை. ஆம்பளைச் சட்டைன்னா அங்க இருக்கற ஆம்பளை. கடைக்காரரோட மருமகன் அந்தக் கடையிலதானே வேலை பாக்கறான்? அவன்தான். இஸ்திரி போடறேன்னு அந்தத் துண்டைப் பொசுக்கியிருப்பான். பொண்டாட்டிக்குப் பயந்து மாத்தி வெச்சிருப்பான்."

"நேத்தும் இப்படித்தான் உனக்கு எல்லாமே தெரிஞ்சிருந்துச்சு," என்றாள் அண்ணி.

கடை வரும் வரை அவன் விரல் மறுபடி உதட்டின்மேல் இருந்தது.

சீட் கவர் கடையில் ரெக்ஸின் சுருள்கள் கூரை வரை அடுக்கியிருந்தன. பசை வாசனை மூக்கைத் துளைத்தது. ஒரு லாரியின் ஓட்டுநர் இருக்கை நடுக்கடையில் எலும்புக்கூடாகக் கிடந்தது. மருமகன் அதன்மேல் குனிந்து பழைய உறையைக் கிழித்துக்கொண்டிருந்தான். கடைக்காரர் ஏப்ரன் கட்டிக்கொண்டு, வளைந்த ஊசியால் ஓரம் தைத்துக்கொண்டிருந்தார். கனத்த உருவம். சிரித்தே பழக்கமில்லாத முகம். அவர் பக்கத்துப் பலகையில் நூல் உருளைகள் வரிசையாக நின்றன. கறுப்பு, சிவப்பு, பழுப்பு, அப்புறம் பளபளக்கும் நீலம்.

அண்ணியின் கையிலிருந்த பையைப் பார்த்ததும் மருமகன் நிமிர்ந்தான். "அதை எதுக்கு இங்க கொண்டு வந்தீங்க?" என்றான் சிடுசிடுவென்று. "அந்தப் போர்வையால வீட்டுல ஒரு வாரமா யாரும் யார்கூடவும் பேசறதில்ல."

அவன் போட்டிருந்தது நீலக் கட்டச் சட்டை.

வெடி அண்ணியின் முழங்கையை இடித்தான். அண்ணி கவனிக்காதது போல இருந்தாள். வெடி வேறு வழியில்லாமல் உற்றுப் பார்க்கத் தொடங்கினான். மருமகனின் சட்டை இடுப்புக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. அவன் திரும்பியபோது பின்பக்கமும் தெரிந்தது. வளைந்த விளிம்பு ஒரு நூல்கூடக் குறையாமல் முழுசாக இருந்தது. 'நீலக் கட்டச் சட்டை இல்லாத ஆம்பளை எங்க இருக்கான், நானே ரெண்டு வெச்சிருக்கேன்' என்று நினைத்துக்கொண்டே பார்வையைத் திருப்பியவன் அப்படியே நின்றான். ஏப்ரனுக்கு மேலே தெரிந்த கடைக்காரரின் காலரும் நீலக் கட்டம்தான். கட்டங்கள் கொஞ்சம் பெரியவை, போர்வை நடுவில் இருந்தவை போல. சட்டையைப் பேண்ட்டுக்குள் இறுக்கச் சொருகியிருந்தார்.

"ஐயா, மேல் தட்டுல அந்தச் சிவப்பு ரெக்ஸின் இருக்கே, அதைக் கொஞ்சம் காட்டறீங்களா?" என்று கேட்டாள் அண்ணி.

வியாபாரம் என்றதும் அவர் எழுந்தார். அவர்களுக்கு முதுகைக் காட்டி நின்று, இரண்டு கைகளையும் தூக்கி எக்கினார். சட்டை பேண்ட்டிலிருந்து உருவிக்கொண்டு மேலே ஏறியது. பின்பக்கம், வால் இருக்க வேண்டிய இடத்தில், உள்ளங்கை நுழைகிற மாதிரி ஒரு சதுரம் வெட்டப்பட்டிருந்தது. பனியன் தெரிந்தது.

மருமகனுக்கும் அது தெரிந்தது. கையிலிருந்த கத்தரியைக் கீழே வைத்தான்.

வெடிக்கு அந்தக் காட்சியைப் பற்றிச் சொல்ல ஒன்பது விதமான கிண்டல் வந்திருக்க வேண்டும். ஒன்றும் வரவில்லை.

"ரெக்ஸின் வேண்டாங்க," என்றாள் அண்ணி மெதுவாக. "அந்தப் பழைய துண்டு எங்க?"

கடைக்காரர் திரும்பினார். முதலில் சட்டையை அவசரமாக உள்ளே சொருகினார். பிறகுதான் கேள்வி புரிந்த மாதிரி கை தன்னால் ஏப்ரனுக்குள் போயிற்று. சட்டைப் பையிலிருந்து மடித்த துணி ஒன்றை எடுத்தார். வெளுத்துப்போன நீலக் கட்டம். ஒரு மூலையில் பழுப்பாய்ப் பசைக் கறை. அதை அண்ணியிடம் நீட்டவில்லை. வெறுமனே கையில் வைத்துக்கொண்டார்.

"என் பொண்ணுக்குத் தெரிய வேண்டாம்," என்றார். "கடையில வேலை பாக்கறவங்களுக்கும் வேண்டாம். சிரிப்பாங்க."

"எனக்குத் தெரிஞ்சுடுச்சுப்பா."

மகள் பின்கட்டிலிருந்து எப்போது வந்தாள் என்று யாரும் கவனிக்கவில்லை. கையில் கணக்கு மேசைச் சாவியோடு கதவருகே நின்றிருந்தாள்.

"போர்வை வந்தன்னைக்கு நான் அதைக் கட்டிப் பிடிச்சுட்டு அழுதேன்," என்றாள். "'பழைய துணிக்கா இந்த ஒப்பாரி, எடுத்து உள்ள வை'ன்னு சொன்னது நீங்கதானே?"

"நான்தான்."

"அப்புறம் ஏம்ப்பா?"

அவர் கையிலிருந்த துண்டை விரலால் நீவினார். "நீ வெளிய போயிருந்தப்ப பெட்டியைத் திறந்தேன். சும்மா பாக்கலாம்னுதான். பசை வாசனை வந்துச்சு. நாள் பூரா இந்தக் கடையில அடிக்கிற வாசனைதான். ஆனா அது அவ சட்டையில இருந்து வந்துச்சு." தொண்டையைச் செருமினார். "உன்கிட்ட அப்படிப் பேசிட்டு, எனக்கும் ஒரு துண்டு குடுன்னு எந்த முகத்தை வெச்சுக்கிட்டுக் கேக்கறது? பிரிச்சு எடுத்தேன். ஓட்டையோட விட மனசு வரல. கிடைச்ச சட்டையை வெட்டி வெச்சேன். பிரிஞ்சு போயிடக் கூடாதுன்னு இருக்கறதிலேயே பலமான நூலா எடுத்துத் தெச்சேன்."

"அந்தப் பலம்தாங்க கிழிச்சது," என்றாள் அண்ணி. பையிலிருந்து போர்வையை எடுத்து அந்த இடத்தைக் காட்டினாள். "இது லாரி சீட்டுக்குப் போடற நூல். போர்வை நனைஞ்சு பாரம் இழுத்தப்ப நூல் கொஞ்சமும் விட்டுக் குடுக்கல. பக்கத்துல இருந்த மஞ்சத்துண்டு கிழிஞ்சு போச்சு."

கடைக்காரர் மஞ்சள் துணியின் கிழிசலைத் தடித்த விரலால் தொட்டார். "இது அவ நம்ம கடைத் திறப்பு அன்னைக்குப் போட்டது," என்றார். பிறகு கையை எடுத்துக்கொண்டார், தொடுவதற்குத் தனக்கு உரிமையில்லாத மாதிரி.

"நேத்து அந்தத் தையல்காரம்மாவைத் தெருவே திருடின்னு சொன்னது உங்க காதுக்கு வரலையா?"

"வந்துச்சு."

"வந்தும்?"

"நாளைக்குச் சொல்லலாம்னு இருந்தேன். எப்படிச் சொல்றதுன்னு..."

"உங்க வெக்கத்தைக் கொண்டு போய் அந்தம்மா தலையில கட்டிட்டீங்க," என்றாள் அண்ணி. "அவங்க இன்னைக்குக் காலையில வெறுங்கடையைத் திறந்து உக்காந்திருக்காங்க."

அவள் பேசியது கடைக்காரரிடம்தான். ஆனாலும் வெடி தலையைக் குனிந்துகொண்டான். இவர் வாயை மூடிக்கொண்டிருந்து செய்ததை அவன் வாயைத் திறந்து செய்திருந்தான். இருவரில் தானே மோசம் என்று அவனுக்குப் பட்டது. இவருக்காவது ஒரு துக்கம் இருந்தது. அவனுக்கு இருந்ததெல்லாம் சிரிக்க ஒரு கூட்டம்.

எல்லோரும் தையல்காரம்மாவின் கடைக்கு வந்தபோது வெயில் ஏறியிருந்தது. அவர் ஏதோ வெட்டுத் துணியில் மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தார். வேலை இருக்கிற மாதிரி வெளியே சத்தம் கேட்கட்டும் என்று ஓட்டுகிறார் போலும்.

கடைக்காரர் உள்ளே வந்து, கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார். "போர்வையைப் பிரிச்சது நான்தாம்மா. உங்க மேல தப்பு இல்ல," என்றார். குரல் அவர் மீசையைத் தாண்டவில்லை.

"மெஷின் சத்தத்துல கேக்கல," என்றார் தையல்காரம்மா.

"நான்தான் பிரிச்சேன்னு..."

மெஷின் நின்றது. அவர் கண்ணாடியைக் கழற்றி இருவரையும் பார்த்தார், கடைக்காரரையும் வெடியையும். "நேத்து இந்தத் தம்பி என் வாசல்ல நின்னு பேசினது தெருக்கோடி வரைக்கும் கேட்டுச்சு. உள்ள வந்து காதோரம் சொல்றதுக்கு நான் என்ன ரகசியமாவா அவமானப்பட்டேன்?"

வெடி வெளியே போனான். எதிரே சைக்கிள் கடைக்காரர் டியூபுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார். இரண்டு பெண்கள் பையோடு போய்க்கொண்டிருந்தார்கள். இவ்வளவு காலமாக அவன் குரல் எடுத்தால் தயங்கியதே இல்லை. இப்போது வாயைத் திறப்பதற்கே இரண்டு தடவை முயல வேண்டியிருந்தது.

"நேத்து நான் சொன்னது பொய்!" என்று கத்தினான். "இந்தக்கா எதையும் எடுக்கல! எனக்கு எதுவும் தெரியாது, விசாரிக்காமலே பேசிட்டேன்!"

பம்பு நின்றது. யாரும் சிரிக்கவில்லை. ஒரு பெண் முகத்தைச் சுளித்தபடி அவனை மேலும் கீழும் பார்த்தாள். அவனுக்கு நெற்றியெல்லாம் வேர்த்தது.

பின்னால் கனமான காலடி கேட்டது. கடைக்காரர் வந்து பக்கத்தில் நின்றார். "பிரிச்சது நான்," என்றார். இந்த முறை குரல் பெரிதாகத்தான் வந்தது, நடுவில் உடைந்தும் போனது. "என் சம்சாரத்தோட துணி. எனக்கு வேணும்னு நான்தான் எடுத்தேன்." எடுத்த துண்டை எல்லோரும் பார்க்கும்படி கையில் பிடித்திருந்தார். மகள் அவருடைய மற்றொரு கையைப் பிடித்துக்கொண்டாள். கோபம் தீர்ந்துவிட்டதாகத் தெரியவில்லை. ஆனாலும் விடவில்லை.

உள்ளே வந்ததும் தையல்காரம்மா போர்வையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "நைலானை ஒவ்வொரு தையலா வெட்டித்தான் எடுக்கணும். மெதுவாத்தான் ஆகும். அவசரப்படுத்தாதீங்க." பிறகு மகளிடம், "உங்கம்மா துண்டை மறுபடி நடுவுல வெச்சுடட்டுமா?" என்று கேட்டார்.

மகள் அப்பாவைப் பார்த்தாள். அவர் சுவரைப் பார்த்தார்.

"அது அப்பாகிட்டயே இருக்கட்டும்," என்றாள். "சட்டை வாலையே வெச்சு, உங்க நூல்ல தெச்சுக் குடுங்க."

வெடி மேசையருகே தயங்கி நின்றான். "அக்கா, மன்னிச்சிட்டீங்களா?"

"இல்ல," என்றார் தையல்காரம்மா. கத்தரியால் முதல் நீலத் தையலை நறுக்கினார். "வாசல்ல நின்னு கத்தினா வாசல்ல இருந்தவங்களுக்குத்தான் கேக்கும். துணியைத் திரும்ப வாங்கிட்டுப் போனவங்க வீட்டுல இருக்காங்க."

வெடி அண்ணியைப் பார்த்தான். அண்ணி ஜன்னல் வழியே தெருவைக் காட்டினாள்.

முதல் வீட்டுக் கதவைத் தட்டியபோது ஒரு அம்மாள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். வெடி நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னான். தன் பங்கைச் சுருக்கவும் இல்லை, சுவையாக்கவும் இல்லை. அந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அடப்பாவி! நான் நேத்தே எங்கக்காவுக்குப் போன் போட்டுச் சொல்லிட்டேனே. அவ அவங்க தெரு பூரா சொல்லியிருப்பாளே!"

வெடி சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தான்.

"அவங்க நம்பரைக் குடுங்கம்மா," என்றான்.